சாமான்கள் அடைத்திருந்தன

டார்ச் சாருக்குத் தொப்பை உண்டு என்பது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அது மானத்தை வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பது மட்டும், ஒரு வீட்டின் பரண் வாயில் மாட்டிக்கொண்ட அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

அவருடைய தொழில் வீடு பார்ப்பது. வாடகைக்குப் பார்ப்பதில்லை, புரோக்கர் வேலையும் இல்லை. யாராவது பழைய வீட்டை விலை பேசினால், வாங்குவதற்கு முன்பு இவரைக் கூப்பிடுவார்கள். இவர் போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். குழாயைத் திறந்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். மின்சாரப் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பார். ஓட்டுக்கும் அறையின் மேல்பலகைக்கும் நடுவே ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இடம் இருக்குமே, அந்தப் பரணில் ஏறி மரச் சட்டங்களைக் குத்திப் பார்ப்பார். எது உளுத்திருக்கிறது, எது ஒழுகுகிறது, எது இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார். கையில் எப்போதும் ஒரு நீள டார்ச். விருந்துக்குக் கூப்பிட்டாலும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. சொந்தப் பெயரை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

அந்த வீடு ஓய்வு பெற்ற ஒரு பஸ் டிரைவருடையது. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லியிருந்தான். வீட்டை ஒரு நர்ஸ் வாங்குவதாகப் பேச்சு. டார்ச் சார் போன அன்று பெரியவர் ஏதோ சம்பந்தி வருவதுபோல வீட்டைத் துடைத்து வைத்திருந்தார். பரணுக்கு ஏறும் திறப்பு பின்னறையில் இருந்தது. அந்த அறையைச் சுத்தமாகக் காலி செய்து, பெருக்கி, திறப்புக்கு நேர் கீழே ஏணியைச் சாத்தி, அதன் படிகளையும் ஈரத்துணியால் துடைத்திருந்தார்.

"உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார். நீங்க பாருங்க, நான் டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனார்.

டார்ச் சார் ஏறினார். தலை போயிற்று. ஒரு தோளைச் சாய்த்து, மறு தோளையும் உள்ளே கொண்டுபோனார். அதற்கு மேல் வயிறு ஒத்துழைக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் உந்து உந்தினார். அவ்வளவுதான், மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கால்கள் ஏணிப்படியைத் தேடிக் காற்றில் துழாவின. சமையலறையில் கரண்டி டம்ளரில் இடிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் டீயோடு வந்து, உத்தரத்திலிருந்து இரண்டு கால்கள் தொங்குவதைப் பார்த்துவிடுவாரோ என்கிற பயத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. டார்ச்சை ஒரு தடவை சுழற்றி அடித்தார். கிட்டே இருந்த சட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன. கோடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உடம்பை இப்படியும் அப்படியும் நெளித்து, சட்டைப் பொத்தான் ஒன்றைப் பலி கொடுத்து, ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தார்.

"மேல எப்படி சார் இருக்கு?" என்று டம்ளரை நீட்டினார் பெரியவர்.

"பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு."

டீ நன்றாக இருந்தது என்றும் சொன்னார். அதுவாவது உண்மைதான்.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் முழு அறிக்கையையும் உட்கார்ந்து எழுதுவதில்லை. போனில் வாக்கியங்கள் தயாராக இருக்கும், விரலால் தொட்டால் போதும். ஓர் இடத்தைப் பார்க்க முடியாமல் போனால் அதற்கான காரணங்களும் அதிலேயே இருக்கும். பூட்டியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. ஏறுவது ஆபத்து. சாமான்கள் அடைத்திருந்தன. கடைசியாக, வேறு காரணம் என்று ஒன்று. அதைத் தொட்டால் கட்டம் ஒன்று காலியாக வந்து நிற்கும், நாமே எழுத வேண்டும். டார்ச் சார் அதைத்தான் முதலில் தொட்டார். கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னி அவரைப் பார்த்தது. என்ன எழுதுவது? வயிறு என்றா? ஒல்லியான வேறு ஆளை அனுப்பிப் பார்க்கலாம், அதற்கும் யாரிடமாவது காரணம் சொல்ல வேண்டுமே. இருபது வருஷமாகப் பரண் பரணாக ஏறி இறங்கிய மனுஷன் அவர். பட்டியலுக்கே திரும்பிப் போய், சாமான்கள் அடைத்திருந்தன என்பதைத் தொட்டார். யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தார்.

நர்ஸ் போனில் கேட்கத்தான் செய்தாள். "பரண் மட்டும் பாக்கலன்னு போட்டிருக்கே சார்?"

"சாமான் இருந்துச்சும்மா. அவங்க காலி பண்ணினதும் ஒரு ஆள விட்டுப் பாத்துக்குங்க."

அவளுக்கு வாரம் முழுக்க இரவுப் பணி. பார்க்க மறந்தாள், வீட்டை வாங்கிக் குடிவந்தாள். முதல் பெருமழையில் பின்னறையின் மேல்பலகை ஊறி, தொப்பென்று கட்டிலில் விழுந்தது. நல்லவேளை, அப்போது கட்டிலில் யாரும் இல்லை.

டார்ச் சாருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கூலியில் மீதிப் பாதியை அந்த அம்மா தரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்பதுதான். மடியில் கனம் இருக்கிறவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது குற்றம் செய்தவனுக்குத்தான் அதிகம் பொத்துக்கொண்டு வரும். மச்சினனிடம் சொல்லி ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் வக்கீல் தொழில் நடத்துகிறான். நோட்டீஸ் எழுதுவது அவனுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. அனுப்பினான். பத்தே நாளில் பதில் வந்தது, அதுவும் வக்கீல் நோட்டீஸ்தான். கூடவே படங்கள்: கறுத்துப்போன சட்டங்கள், விரலை வைத்தால் உள்ளே போகிற மரம், பஞ்சு மாதிரி பிய்ந்த பலகை. கூலியைத் தர முடியாது, கூரையைப் பழுது பார்க்கும் செலவையும் நீங்கள்தான் தர வேண்டும் என்று இருந்தது.

டார்ச் சார் படங்களைக் கவிழ்த்து வைத்தார். மச்சினனோ அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு மேஜையைத் தட்டினான்.

"மாமா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். 'சாமான்கள் அடைத்திருந்தன'ன்னு எழுதி வச்சிருக்கீங்க பாருங்க! இது ஒண்ணு போதும். பொறுப்பு நம்மளோடது இல்ல, வித்தவரோடது."

"அவரு என்னடா பண்ணுவாரு?"

"அதை அவரு சொல்லட்டும்." சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தான். உளுத்துப்போனதை மறைப்பதற்காக விற்பனையாளர் வேண்டுமென்றே திறப்பை அடைத்து வைத்திருந்ததாகக் கருத இடமுண்டு என்று திரையில் எழுந்தது.

"வேண்டுமென்றேங்கறது வேணுமாடா?"

"நோட்டீஸ்னா அப்படித்தான் மாமா. காரம் இல்லாம எழுதினா எவன் மதிப்பான்?"

அப்போது சொல்லியிருக்கலாம். மச்சினன்தானே, இரண்டு நாள் கிண்டல் செய்வான், அதோடு போயிருக்கும். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவன் தன் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பை நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் பெரியவர் டார்ச் சாரின் அலுவலகத்துக்கு வந்தார். கையில், மச்சினன் எழுதியதை வைத்து நர்ஸின் வக்கீல் அவருக்கு அனுப்பிய நோட்டீஸ். அதை நான்காக மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று டார்ச் சார் நினைத்தார். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"உக்காருங்க ஐயா. எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான். வண்டி சாவிய பையன் வாங்கி வச்சுக்கிட்டான்." கூச்சத்தோடு சிரித்தார். "அவனைக் குறை சொல்லல சார். நல்ல பையன். நோட்டீஸைப் படிச்சுட்டு, 'ஏம்பா, சாமானைப் போட்டு மறைச்சீங்களா'ன்னு கேட்டான். நான் இல்லன்னேன். ரூம காலி பண்ணிப் பெருக்கி வச்சேன்னேன். 'அந்த சாருக்கும் நமக்கும் என்ன பகை, அவரு எதுக்குப் பொய் எழுதணும்'னு கேக்கறான். நியாயம்தானே?"

டார்ச் சார் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"கொஞ்ச நாளாவே நான் கண்ணாடிய வச்ச இடம் மறந்துடறேன், அடுப்பை அணைக்க மறந்துடறேன். அதையும் இதையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டான். 'அம்மா போனதுல இருந்து அப்பாவுக்கு மறதி'ன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். அவங்க கடிகாரம் வரையச் சொன்னாங்க சார். வாழ்க்கை பூரா டயத்துக்கு வண்டி எடுத்தவன்கிட்ட கடிகாரம் வரையச் சொல்றாங்க. கை நடுங்கிச்சு, சரியா வரல. பேத்திய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலை. இப்ப அதுவும் இல்ல."

"ஐயா..."

"கோவமா கேக்க வரல. பணத்தை எப்படியோ பையன் பாத்துக்கறேங்கறான். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு அங்க இருந்தது நீங்களும் நானும்தான். வேற யாரைக் கேப்பேன்? அந்த ரூம்ல சாமான் இருந்துச்சா?"

உலகத்தில் இதைவிடச் சுலபமான கேள்வி யாரும் யாரிடமும் கேட்டதில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். டார்ச் சார் பேனாவைக் கீழே வைத்தார். நோட்டீஸ், மச்சினன், பழுதுச் செலவு, இனி எவன் தன்னை நம்பி வீடு பார்க்கக் கூப்பிடுவான் என்கிற பயம் எல்லாம் ஒன்றாக வந்து முன்னே நின்றன.

"ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனே" என்றார்.

பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப இருந்திருக்கும்" என்றார். எழுந்து, நாற்காலியை இருந்தபடியே மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தார். "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார் அந்த மனுஷன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் நிற்பது தெரிந்தது. வந்த பஸ்ஸின் டிரைவரிடம் ஏதோ கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் ஏறினார். டார்ச் சாருக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினார். பரண், பொத்தான், போன், பெரியவர் எல்லாவற்றையும். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வயித்துக்கா இவ்வளவு? அது தெருமுனைலயே தெரியுதே, யார்கிட்ட மறைச்சீங்க?" என்றாள் முதலில். பெரியவர் கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் அவர் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "மனுஷன் புத்திய பிடுங்கிட்டீங்களே" என்றாள். "தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போய் அவருகிட்ட சொல்லுங்க. இப்பவே போங்க."

அவர் அப்போதே போகவில்லை. நாளைக்கு என்றார், திங்கட்கிழமை என்றார், போனில் சொல்கிற விஷயமா இது என்றார். மனைவி பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மட்டும் வந்தது.

கடைசியில், கோர்ட்டு வரை போக வேண்டாம், எல்லோரும் வீட்டிலேயே கூடிப் பேசி முடிப்போம் என்று நர்ஸின் வக்கீல் கடிதம் போட்டார். போனார்கள். பின்னறையில் நர்ஸ் இருந்தாள், பெரியவரும் அவர் மகனும் இருந்தார்கள், பழுது பார்க்கப் போகிற தச்சர் இருந்தார். டார்ச் சாரோடு மச்சினன். மேல்பலகையில் விழுந்த இடத்தை நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். திறப்புக்குக் கீழே தச்சரின் ஏணி நின்றது.

மகன்தான் முதலில் பேசினான். நல்ல குரல், பணிவான பேச்சு. "எங்கப்பா வேணும்னு எதுவும் பண்ணலைங்க. அவருக்கு இப்பல்லாம் கொஞ்சம் ஞாபகம் தப்புது. வச்சது நினைவில்ல. அவரை யாரும் எதுவும் கேக்க வேண்டாம். செலவை நான் குடுத்துடறேன்." பேசும்போது ஒரு கையால் அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தான், ரோட்டைக் கடக்கும்போது குழந்தையைப் பிடிப்பதுபோல. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாதவர் மாதிரி.

"சாமான் எதுவும் இல்ல" என்றார் டார்ச் சார்.

சொன்னது தனக்கே கேட்கவில்லையோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். "அன்னைக்கு இந்த ரூம் சுத்தமா காலியா இருந்துச்சு. நான்தான் பொய் எழுதினேன்."

மச்சினன் இருமினான். மகன் வருத்தத்தோடு சிரித்தான். "அப்பாவப் பாத்து பரிதாபப்பட்டு சொல்றீங்க சார். உங்க நல்ல மனசு. அதெல்லாம் வேண்டாம்."

"பரிதாபம் இல்ல தம்பி, நெஜம்."

"அப்ப ஏன் நீங்க மேல ஏறல?" என்றாள் நர்ஸ்.

"ஏறினேன். என்னால உள்ள நுழைய முடியல. வயிறு மாட்டிக்கிச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தச்சர் அண்ணாந்து திறப்பைப் பார்த்தார், டார்ச் சாரைப் பார்த்தார், "இதுலயா? நான் பலகையோட போய்ட்டு வரேனே" என்றார். அவர் குச்சி மாதிரி இருந்தார். பொய்யைப் போன் வழியாக ஒரு விரலால் எல்லோரையும் நம்ப வைத்தாயிற்று. உண்மையை நேரில் வந்து வாய்விட்டுச் சொன்னாலும் ஓர் ஆள் நம்பவில்லை. மச்சினன் சட்டென்று புகுந்து, "மாமாவுக்கு உடம்பு சரியில்ல, இன்னொரு நாள் பேசலாம்" என்றான்.

டார்ச் சார் செருப்பைக் கழற்றினார். ஏணியில் ஏறினார். தலை, ஒரு தோள், மறு தோள். மூச்சை இழுக்கவில்லை, வேண்டுமென்றேதான். வயிறு வந்து இடித்து நின்றது. சட்டை மேலேறி, முதுகில் காற்றுப் பட்டது. கீழே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தோலில் தெரிந்தது. யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மேலே இருட்டில் ஈர மர நாற்றம் அடித்தது. அங்கிருந்தே கத்தினார்: "பாத்துட்டீங்களா? இவ்வளவுதான். அன்னைக்கும் இவ்வளவுதான்."

இறங்க முயன்றபோது கால் படியைத் தவறவிட்டது. ஒரு கை வந்து அவருடைய குதிகாலைப் பிடித்துப் படியில் வைத்தது. "மெதுவா, மெதுவா. இன்னும் ஒரு படி இருக்கு" என்ற குரல் பெரியவருடையது.

கீழே வந்தபோது நர்ஸின் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்களை நம்பித்தானே சார் வாங்கினேன். அந்தக் கட்டில்ல என் பொண்ணு தூங்குவா" என்றாள். செலவு முழுக்கத் தன்னுடையது என்று மட்டும் டார்ச் சார் சொன்னார். மச்சினன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அதில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வாசலுக்கு வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேம்பா" என்றான். பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே ஓட்டுங்க. போற வழியில பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போயிடலாம்."

பெரியவர் சாவியைப் பார்த்தார். டார்ச் சார் கிட்டே போய், இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னார். "ஐயா, நீங்க சொன்னதுதான் சரி. காலி பண்ணிப் பெருக்கி வச்சிருந்தீங்க. ஏணிய தொடைச்சு வச்சிருந்தீங்க. உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல."

"இப்ப இப்படிச் சொல்றீங்க சார்" என்றார் பெரியவர். கோபம் கொஞ்சமும் இல்லை. "அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப அப்படிச் சொன்னீங்க. அன்னைக்கு நைட்டு உக்காந்து யோசிச்சேன். யோசிக்க யோசிக்க, ரெண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு பழைய பீரோவும் இந்த ரூம்ல இருந்த மாதிரியே கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்பவும் தெரியுது."

பெரியவர் சாவியை மகன் கையில் திருப்பி வைத்து, அவன் விரல்களை மூடினார். "பிள்ளை உக்கார்ற வண்டிப்பா. நீயே ஓட்டு" என்றார். காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்குப் போய் ஏறி உட்கார்ந்தார். மகன் குனிந்து அவருக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.